சாமி அனுப்பிய மேனேஜர்

உக்காருங்க மேடம். அந்தச் சேருல வேண்டாம், இதுல உக்காருங்க. உங்க வண்டி வர இன்னும் ஒரு மணி நேரமாச்சும் ஆகும். தூறல் விழுந்தா இந்த ஊரு டிரைவருக வீட்ட விட்டு வெளிய வர மாட்டானுக. மூணு வருசமாப் பாத்துட்டுத்தான இருக்கறேன். மூணு வருசம்னு சும்மா வாய்க்கு வர்றதுங்க. ரெண்டு வருசம் ஒம்போது மாசம்.

காப்பி போடச் சொல்றேன். தூளு காங்கயத்துல இருந்து வருது, வீட்டுக்காரி அனுப்பறா. பயப்படாமக் குடிக்கலாம்.

நீங்க காலைல குடுத்த காகிதம் முப்பத்திரண்டு பக்கத்தையும் படிச்சுட்டேன். நல்லா எழுதியிருக்கறீங்க. காங்கயம் பக்கத்துல தேங்காய் மட்டைய அடிச்சு நார் எடுத்துட்டு இருந்த ஒரு சாதாரண மில்லு, மேனேஜ்மென்ட் முறையப் புடிச்சு எப்படி மேல வந்துச்சுன்னு உங்க காலேஜுப் புள்ளைகளுக்கு நல்லாப் புரியும். முன்னால எப்படி, பின்னால எப்படின்னு கட்டம் கட்டமாப் போட்டது ரொம்பப் புடிச்சுது. எம் பேரு பதினாலு எடத்துல வருது. எண்ணிப் பாக்கலீங்க, கண்ணுல பட்டுச்சு.

ஒரே ஒரு எடந்தான் தப்பு. இருபத்தேழாம் பக்கம். ‘பொது மேலாளர் குழந்தைவேலு தாமாகவே முன்வந்து ஒடிசா ஆலையின் பொறுப்பை ஏற்றார்’னு போட்டிருக்கறீங்க. இத உங்களுக்கு யாரு சொன்னது? அம்மாவா?

அம்மாவேதானா. சிரிச்சுட்டே சொன்னாங்களா, சும்மா சொன்னாங்களா?

சரி, விடுங்க. எனக்கு ஊருக்குப் போகோணும் மேடம். அவ்வளவுதான் சங்கதி. நீங்க அடுத்த வாரம் இந்தக் காகிதத்த அம்மாகிட்டக் காட்டப் போறீங்கல்ல, அப்ப எனக்காக ஒரே ஒரு வார்த்தை சொல்லோணும். என்ன வார்த்தைன்னு அப்புறம் சொல்றேன். அதுக்கு முன்னால நடந்தது உங்களுக்குத் தெரியோணும். பேனாவ மட்டும் மூடி வெச்சுருங்க, இது எழுதறதுக்கு இல்ல.

அம்மான்னா எங்க முதலாளி பாவாத்தாளம்மா. நீங்களும் நாலு நாள் பழகியிருக்கறீங்க. அறுவத்தெட்டு வயசு. ஐயா தவறினதுக்கு அப்புறம் இருவது வருசமா அவங்கதான் மில்ல நடத்தறாங்க. படிப்பு அஞ்சாவது. நல்ல மனுசி, வெள்ளந்தி. யாரு என்ன சொன்னாலும் நம்பிக்குவாங்க. அதத்தான் மாத்தோணும்னு நான் மொதல்ல நெனச்சேன்.

எங்க பக்கம் மில்லு நடத்தற லட்சணம் எப்படின்னா, பக்கத்து மில்லுக்காரன் மிசினு வாங்கினா நாமளும் வாங்கறது. அவன் களத்தப் பெருசு பண்ணினா நாமளும் பண்றது. ஏனுங்கன்னு கேட்டா, காரணம் இல்லாமயா அவன் வாங்கியிருப்பான்ம்பாங்க. அவனப் போயிக் கேட்டா நம்மளப் பாத்து வாங்கினேன்ம்பான். நான் அந்த மில்லுல மட்டை லோடு எழுதற ஆளாச் சேந்து மேனேஜரானவன். நாப்பது வயசுல கோயமுத்தூருக்கு ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை போயி ரெண்டு வருசம் மேனேஜ்மென்ட் டிப்ளமா படிச்சேன். கூடப் படிச்சதுக எல்லாம் அங்கிள்னு கூப்பிட்டுதுக. நான்தான் வகுப்புல ரெண்டாவது.

மொதல் பாடமே எனக்குக் கண்ணத் தொறந்துருச்சுங்க. எதையும் அளந்து பாக்காமப் பேசாதேங்கறதுதான் அந்தப் பாடம். அப்ப மட்டைத்தூள அழுத்திக் கட்டியாக்கற மிசினு எங்களுக்கு அடிக்கடி நின்னு போகும். மிசினு பழசு, புதுசு வாங்கோணும்னு ஒட்டுக்கா எல்லாரும் சொன்னாங்க. நான் தொண்ணூறு நாள் மிசினுக்குப் பக்கத்துல ஒரு நோட்டத் தொங்க விட்டேன். நிக்கறப்பல்லாம் எத்தன மணிக்கு நின்னுது, எதனால நின்னுதுன்னு எழுதச் சொன்னேன். கூட்டிப் பாத்தா, நூத்துக்கு அறுவது தடவ தூளு ஈரமா இருந்ததாலதான் நின்னிருக்குது. மிசினு மேல தப்பு வெறும் எட்டு. புது மிசினு வாங்கியிருந்தா அதுவும் ஈரத்தூளுக்கு முன்னால நின்னுட்டுத்தான் இருந்திருக்கும். தேவைப்பட்டது டிரையர். வெயிலையே நம்பாமத் தூள உலத்தறதுக்கு ஒரு சூட்டுக் குழாய், அவ்வளவுதான்.

இத நீங்க அருமையா எழுதியிருக்கறீங்க. அதுக்கு அப்புறம் நான் போட்ட மார்க்குச் சீட்டையும் எழுதியிருக்கறீங்க. ஒரு முடிவுன்னா அதுக்கு எட்டு வரி. செலவு, வேகம், ஆளு, தரம்னு ஒவ்வொண்ணுக்கும் எத்தன கனம்னு ஒரு எண்ணு. எல்லாத்தையும் பெருக்கிக் கூட்டினா எது மேல வருதோ அதச் செய்யறது. டிரையர் எம்பத்தொண்ணு, புது மிசினு அம்பத்துநாலு. அம்மா கண்ணாடியக் கழட்டி வெச்சுட்டு வரிக்கு வரி கேட்டாங்க. கடைசில, “நல்லாத்தான் இருக்குது குழந்தவேலு. சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செஞ்சுருவோம்”னாங்க.

இங்கதான் நீங்க எழுதாதது வருது. நோட்டுலயும் அது இல்ல. நான்தான் எழுதலையே.

எங்க ஊருக்குத் தெக்க ஒரு கரடு இருக்குது, சின்ன மலைதான். மேல சாமி. எங்க பக்கத்து மில்லுக்காரங்க அத்தன பேரும் அங்கதான் வெளக்குப் போடறாங்க. பெரிய காரியம்னா பூக் கட்டிக் கேப்பாங்க. ஒரு வெள்ளைப் பூவு, ஒரு செவ்வரளி. ரெண்டையும் தனித்தனி எலையில ஒரே மாதிரி பொட்டலம் கட்டி சாமி முன்னால வெக்கறது. பூசாரி கும்பிட்டு ஒண்ண எடுத்துக் குடுப்பாரு. வெள்ளை வந்தா சரி, சிவப்பு வந்தா வேண்டாம். எடுக்காத பொட்டலத்தப் பிரிக்கக் கூடாது, அப்படியே கெணத்துல போட்டுரோணும். இன்னொரு முறை என்னன்னா, கேக்கறவங்க பொட்டலம் கட்டக் கூடாது. அம்மா கேக்கறவங்க. அதனால கட்டறது நானு.

மொதல் தடவ யோக்கியமாத்தான் கட்டினேன். சிவப்பு வந்துச்சு.

என்ர கண்ணுல தண்ணியே வந்துருச்சு மேடம். தொண்ணூறு நாள் எழுதின நோட்டு. ரெண்டு வருச ஞாயித்துக்கெழமை. ஒரு அரளிப்பூவு எல்லாத்தையும் ஒண்ணுமில்லாமப் பண்ணிப் போட்டுது. அந்த வருசம் ஐப்பசி மழையில எங்க களத்துத் தூளு அத்தனையும் ஊறிப்போயி, கேட்ட சரக்க அனுப்ப முடியாம ஒரு நல்ல பார்ட்டி கைய விட்டுப் போனாங்க. தை பொறந்ததும் அம்மாவே மறுபடியும் கேட்டுப் பாக்கலாம்னாங்க. அன்னிக்கு நான் ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையே வெச்சேன்.

ஏமாத்துன்னு நெனச்சுக்காதீங்க. அளந்து ஆராஞ்சு எடுத்த ஒரு முடிவக் காத்துல விடலாமுங்களா? சாமிக்கும் ஒரு சின்ன ஒத்தாசை, அவ்வளவுதான். டிரையர் வந்துச்சு. ஒரே வருசத்துல உற்பத்தி மூணுல ஒரு பங்கு கூடிப்போச்சு. நீங்களே கட்டம் போட்டிருக்கறீங்களே, பதினோராம் பக்கம். அந்தக் கட்டத்துக்கு அடியில ரெண்டு வெள்ளைப்பூவு இருக்குது.

அதுக்கு அப்புறம் சீட்டுப் போடறது, கரட்டுக்குப் போறது, வெள்ளை வாங்கறதுன்னு ஒரு வழக்கமாவே ஆயிப்போச்சு. தூளக் கழுவி உப்பு எடுக்கற தொட்டி, சொந்த லாரிய வித்துட்டு வாடகைக்கு எடுத்தது, காலைல பத்து நிமிசம் நின்னுட்டே பேசற கூட்டம், எல்லாமே வெள்ளைதான். எல்லாமே நல்லா நடந்துச்சு. அம்மாவுக்கு ஆச்சரியம். ஒரு நாளு என்னையக் கூப்பிட்டு, “எனக்கும் அந்தப் படிப்புல கொஞ்சம் சொல்லிக் குடுப்பா”ன்னாங்க. பொழுதோட வேலை முடிஞ்சு ஒரு மணி நேரம், ஒரு மாசம் சொல்லிக் குடுத்தேன். அம்மாவுக்கு என்னத்தப் புரியும், ஆனாலும் ஆசையாக் கேட்டாங்க. செய்யறவன் வேற, சரி பாக்கறவன் வேறயா இருக்கோணும்னு ஒரு பாடம் வரும். அத மட்டும் ரெண்டு தடவ திருப்பிச் சொல்லச் சொன்னாங்க. “எம் மாமியாரு இதத்தான் வேற மாதிரி சொல்லுவாங்க”ன்னு சிரிச்சாங்க.

அப்புறம் சென்னியப்பண்ணன் விசயம் வந்துச்சு.

சென்னியப்பன் எங்க களத்து மேஸ்திரி. தூள எப்பப் பரப்பறது, எப்ப அள்ளறதுன்னு வானத்தப் பாத்துச் சொல்ற ஆளு. எனக்கு அண்ணன் முறை. நான் வேலைக்குச் சேந்த புதுசுல அவரு சோத்துப் போசியிலதான் பாதி நாளு தின்னிருக்கறேன். ஆனா டிரையர் வந்ததுக்கு அப்புறம் வானத்தப் பாக்கறதுக்கு ஒரு ஆளு எதுக்குங்க? சீட்டுப் போட்டேன். மொதல்ல போட்டப்ப அவர வெச்சுக்கலாம்னுதான் வந்துச்சு. எங்கயோ தப்புன்னு பாத்தா, விசுவாசம்கற வரிக்கு இருவது கனம் குடுத்து வெச்சிருக்கறேன். அது அதிகமில்லைங்களா? அஞ்சாக்கினேன். அப்புறம் சரியா வந்துருச்சு. சீட்டுன்னா கொஞ்சம் திருகித் திருகித்தான் பதம் வரும், உங்களுக்குத் தெரியாததா.

அம்மா அந்தச் சீட்ட ரெண்டு தடவ படிச்சாங்க. “சாமி போகச் சொன்னாப் போகட்டும்”னாங்க. சென்னியப்பண்ணனையும் கரட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. வெள்ளை வந்துச்சு. அவரு அந்தப் பூவ வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டு, அம்மாவக் கும்பிட்டுட்டு, என்னைய ஒரு பார்வை பாத்துட்டுப் படியெறங்கிப் போயிட்டாரு. சாமியே சொன்னதுக்கு அப்புறம் அவருக்கு என்ன வெசனம். சந்தோசமாத்தான் போனாரு. ஆனா அவரு அந்தப் படியில ஒவ்வொண்ணா எறங்கினது இப்பவும் ராத்திரில கண்ணு முன்னால வருதுங்க. ஏன்னு தெரியல.

அன்னிக்கு மிச்சப் பொட்டலத்த நான் கெணத்துல போடறதுக்கு எடுத்தப்ப, அம்மா கைய நீட்டினாங்க. “குடு, இன்னிக்கு நான் போடறேன்”னு வாங்கி மடியில கட்டிக்கிட்டாங்க. கெணத்துப் பக்கம் போனத நான் பாக்கல. வயசானா பக்தி எச்சாத்தான் ஆகும்.

அடுத்த நாளு ஆபீசுல கேட்டாங்க. “ஏப்பா, உன்ர சீட்டும் சாமியும் ஒரு தடவ கூட மாத்திப் பேசலியே?”

“முறையா ஆராஞ்சு எடுத்த முடிவுன்னா சாமியும் அதத்தானுங்கம்மா சொல்லும்”னேன்.

“அப்படியா”ன்னாங்க. அவ்வளவுதான்.

எனக்குப் பெருமையா இருந்துச்சு மேடம். மறைக்க மாட்டேன். அஞ்சாவது படிச்ச ஒரு அம்மாவ வெச்சுட்டு ஒரு கம்பெனிய அறிவு வழியில ஓட்டறது லேசுன்னு நெனச்சீங்களா.

இப்ப ஒடிசா. எங்க பக்கம் மட்டைக்குத் தட்டுப்பாடு வந்துருச்சு. இங்க மட்டை குப்பையாக் கெடக்குது. இங்க ஒரு மில்லப் போட்டா நல்லாருக்கும்னு நாந்தான் வந்து சுத்திப் பாத்து, ஆறு மாசம் விவரம் சேத்துச் சீட்டுப் போட்டேன். எம்பத்தியெட்டு. அது வரைக்கும் எந்தச் சீட்டும் அவ்வளவு மார்க்கு வாங்கினதில்ல. இங்க வந்து நடத்தறதுக்கு யுவராஜ்னு எழுதியிருந்தேன். அம்மாவோட தங்கச்சி பையன், முப்பது வயசு, நீங்க காங்கயத்துல பாத்திருப்பீங்க. கொஞ்ச நாளா எல்லாத்துலயும் குறுக்க குறுக்கக் கேள்வி கேட்டுட்டு இருந்தான். வெளியூருல ஒரு அஞ்சு வருசம் இருந்தா நல்லாப் பக்குவப்படுவான்னு நெனச்சேன். அவனோட நல்லதுக்குத்தானுங்க.

வழக்கம் போல ரெண்டு வெள்ளை கட்டிட்டு மேல ஏறினோம். அமாவாசை. நம்ம பக்கத்து மில்லுக்காரங்க ரெண்டு மூணு பேரு இருந்தாங்க. தூணு ஓரமா சென்னியப்பண்ணனும் நின்னுட்டு இருந்தாரு. அம்மாதான் அவரக் காருல கூட்டிட்டு வந்ததுன்னு யுவராஜ் சொன்னான். பழசெல்லாம் மறக்காத மனசு அம்மாவுக்கு.

பூசாரி தட்ட வாங்கிட்டு, “என்னன்னு கேக்கட்டுங்க?”ன்னாரு. எப்பவும் நாந்தான் சொல்றது. வாயத் தொறந்தேன். அம்மா கையக் காட்டி நிறுத்திட்டாங்க.

“ஒடிசாவுல மில்லுப் போடறதப் பத்திக் கேக்க வேண்டாம் பூசாரி. அது சீட்டுலயே தெளிவா இருக்குது, போட்டுக்கலாம். நான் கேக்கறது வேற. நம்ம குழந்தவேலுவ அங்க அனுப்பலாமான்னு கேளு. வெள்ளை வந்தா அவன் போயி அங்கயே இருந்து நடத்தட்டும், சாமி திருப்பிக் கூப்பிடற வரைக்கும். சிவப்பு வந்தா இங்கயே இருக்கட்டும்.”

காலுக்குக் கீழ கரடு அப்படியே எறங்கற மாதிரி இருந்துச்சுங்க. அம்மா என்னையத் திரும்பிப் பாத்தாங்க. அந்தக் கொரலு இன்னும் காதுலயே இருக்குது. கோவமில்ல, ஒண்ணுமில்ல, சோறு போடட்டுமான்னு கேக்கற கொரலு.

“உனக்கு இஷ்டமில்லைன்னா இப்பவே சொல்லிருப்பா. ஒண்ணும் குத்தமில்ல. பொட்டலத்த இங்கயே பிரிச்சுட்டு, பூசாரி கையில வேற கட்டச் சொல்லிக்கலாம்.”

நீங்களே சொல்லுங்க மேடம், நான் என்ன பண்றது? இஷ்டமில்லைன்னா பொட்டலத்தப் பிரிப்பாங்க. பிரிச்சா ரெண்டும் வெள்ளை. பூசாரி நிக்கறாரு. மில்லுக்காரங்க நிக்கறாங்க. சென்னியப்பண்ணன் நிக்கறாரு. ஒரு பொட்டலத்துக்குள்ள இருந்து அஞ்சு வருசத்து முடிவு அத்தனையும் வெளிய வந்துரும். பேசாம இருந்தா ரெண்டுல எத எடுத்தாலும் வெள்ளை, நான் ஒடிசா. எந்தப் பக்கம் போறதுக்கும் வழியில்ல. வேர்த்துக் கொட்டுது. அம்மா கையில வெச்சிருந்த துண்ட எடுத்து நீட்டினாங்க, தொடச்சுக்கப்பான்னு.

“சாமி சித்தமுங்கம்மா”ன்னேன்.

“அப்ப சம்மதமா? எல்லாரு முன்னாலயும் சொல்லு.”

“சம்மதமுங்க.”

இதத்தான் நீங்க தாமாகவே முன்வந்துன்னு எழுதிட்டீங்க.

வெள்ளை வந்துச்சு. வேற என்ன வரும். மிச்சப் பொட்டலத்த அம்மா எடுத்து என்ர கையிலயே குடுத்தாங்க. “நீயே கெணத்துல போட்டுரு. பிரிக்காமப் போடு”ன்னாங்க. எல பிரிஞ்சுறாம ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சுட்டுப் போனேன். எப்படியோ போட்டுட்டேன். தப்பிச்சேன்னு மூச்சு வந்துச்சு பாருங்க, அப்பத்தான் நான் எங்க தப்பிச்சேன்னு தோணுச்சு.

அம்மா மேல எனக்குக் கோவமில்ல. பாவம், அந்த நேரத்துல என்னமோ மனசுல பட்டிருக்குது, கேட்டுட்டாங்க. எங்கிட்டச் சொல்லிட்டுக் கேட்டிருந்தா நான் ஒரு வழி பண்ணியிருப்பேன். படிக்காதவங்ககிட்ட இதான் தொந்தரவு, திட்டம் போட்டுச் செய்யத் தெரியாது.

வேலைய விட்டுட்டு வந்துருங்கன்னு நீங்க சொல்லுவீங்க. எங்க போறது? அந்தப் பக்கத்து மில்லுக்காரன் ஒவ்வொருத்தனும் அந்தக் கரட்டுல வெளக்குப் போடறவன். சாமி போகச் சொன்ன எடத்துல இருந்து ஓடி வந்தவனுக்கு எவன் வேலை குடுப்பான்? வீட்டுக்காரி கோகிலாகிட்ட ஒரு தடவ ஆரம்பிச்சேன், வந்துரட்டுமான்னு. “சாமி வாக்க மீறறதாங்க? பொண்ணு பன்னெண்டாவது பரீட்சை எழுதப் போறா, வாயக் கழுவுங்க”ன்னு போன வெச்சுட்டா. அவளுக்கு ரொம்பப் பெருமை. எங்க வீட்டுக்காரர சாமியே பேரு சொல்லிக் கேட்டு அனுப்பி வெச்சுதுன்னு கல்யாண வீட்டுல எல்லாம் சொல்றாளாம். அவகிட்டப் போயி நான் பூவுக் கதையச் சொல்ல முடியுமா?

இங்க நான் சாயந்தரம் அஞ்சரைக்கு மில்லு கேட்டச் சாத்திட்டு வந்து, இந்தச் சன்னலுக்கு முன்னால உக்காருவேன். இந்த ஊருப் பாசை இப்பப் புரியுது. புரிஞ்சு என்ன பண்றது, எங்கிட்டப் பேசறதுக்கு இங்க இருக்கறவங்களுக்கு ஒண்ணுமில்ல. தீபாவளிக்கு ஆறு நாள் லீவு. அந்த ஆறு நாளும் சொந்தக்காரங்க வந்து, சாமி அனுப்பின எடம் எப்படி இருக்குதுன்னு கேட்டுட்டுப் போவாங்க. பொண்ணு எங்கிட்ட விருந்தாளிகிட்டப் பேசற மாதிரி பேசறா. தண்ணி வேணுங்களாப்பான்னு கேக்கறா. என்ர வீட்டுல, என்ர பொண்ணு. எனக்கு அழுகாச்சி வருது மேடம், வேற எப்படிச் சொல்றது.

சோம்பேறித்தனமா நடத்தி மில்லக் கவுத்துட்டாக் கூப்பிட்டுக்குவாங்கன்னு கூட நெனச்சேன். என்னால முடியல. காலைல பத்து நிமிசக் கூட்டம் போட்டேன், நோட்டத் தொங்க விட்டேன், எதனால நிக்குதுன்னு எழுதச் சொன்னேன். கை அதத்தான் செய்யுது. ரெண்டாவது வருசமே இந்த மில்லு காங்கயத்த முந்திருச்சு. நல்லா நடத்த நடத்த என்னைய எடுக்கறதுக்குக் காரணம் இல்லாமப் போயிட்டே இருக்குது. போன மாசம் எனக்கே சீட்டுப் போட்டுப் பாத்தேன், நான் இருக்கறதா, திரும்பறதா. இருக்கறது எம்பத்துமூணு. திரும்பறது நாப்பது. எட்டு வரியையும் நேர்மையாப் போட்டா அதான் வருது. குடும்பம்கற வரிக்கு மொதல்ல அஞ்சு கனம் குடுத்திருந்தேன். அத அம்பதாக்கினதுக்கு அப்புறம் இருக்கறது நாப்பத்தாறுக்கு எறங்கி, திரும்பறது எழுவத்தொண்ணுக்கு வந்துச்சு. பாருங்க, இதான் சீட்டு. பிரிண்டு எடுத்து வெச்சிருக்கறேன்.

நான் கேக்கறது இவ்வளவுதான். வர்ற தைப்பூசத்துக்கு அம்மா கரட்டுக்குப் போவாங்க. நீங்க இந்தச் சீட்ட அவங்ககிட்டக் குடுத்து, குழந்தைவேலுவத் திருப்பிக் கூப்பிடலாமான்னு ஒரு தடவ பூக் கேட்டுப் பாருங்கம்மான்னு சொல்லோணும். நான் சொல்லக் கூடாது, முறையில்ல. காலேஜுல இருந்து வந்தவங்க, நீங்க சொன்னாக் கேப்பாங்க. இப்பப் பொட்டலம் கட்டறது யுவராஜ். அவன் யோக்கியன். ஒரு வெள்ளை, ஒரு சிவப்புன்னுதான் கட்டுவான். அவனுக்கு ஒரு சூட்சுமமும் தெரியாது. ஆனாப் போகுது. பாதிக்குப் பாதி இருக்குதில்லைங்களா. ரெண்டு வருசம் ஒம்போது மாசமா அந்தப் பாதிய நம்பித்தான் நான் இங்க குந்தியிருக்கறேன். ஒவ்வொரு தையிலயும் கேப்பாங்க கேப்பாங்கன்னு போனப் பாத்துட்டே இருப்பேன். ரெண்டு தை போயிருச்சு. மறந்துட்டாங்க போல, நூறு சோலி.

என்ன மேடம், இல்லைன்னு தலையாட்டறீங்க?

பூக் கேக்கறதே இல்லைங்களா? யாரு, அம்மாவா? உங்ககிட்டச் சொன்னாங்களா? எப்ப இருந்து?

என்னைய அனுப்பிச்ச அன்னிக்கோட நிறுத்திட்டாங்களா.

ஏன்னு சொன்னாங்களா? நீங்க கேக்கலியா? ‘இனிமே சீட்டே போதும், பூவுக்கு அவசியமில்ல’ன்னாங்களா. அப்படியேதான் சொன்னாங்களா?

பாத்தீங்களா மேடம். அத்தன வருசம் தலையால தண்ணி குடிச்சேன், அம்மாவ அந்தப் பூவுல இருந்து வெளிய கொண்டு வர முடியல. கடைசில நான் சொல்லிக் குடுத்த முறைதான் நின்னிருக்குது. இத நீங்க கண்டிப்பா எழுதோணும். இதுதான் உங்க காகிதத்துக்கே முக்கியமான விசயம். முழங்கால் வலியும் ஒரு காரணமா இருக்கும், கரட்டுக்கு நூத்தம்பது படி. ஆனாலும் பெரிய மாத்தந்தான்.

இருங்க. ஒரு நிமிசம் இருங்க.

சாமி திருப்பிக் கூப்பிடற வரைக்கும்னு எல்லாரு முன்னாலயும் சொன்னாங்க. பூசாரி கேட்டாரு, மில்லுக்காரங்க கேட்டாங்க. அந்த வாக்க அம்மாவே நெனச்சாலும் மாத்த முடியாது, சாமிதான் கூப்பிடோணும். பூவே கேக்கலைன்னா சாமி எப்படிங்க கூப்பிடும்?

நீங்க சொன்னாக் கேப்பாங்களா? ஒரே ஒரு தடவ, எனக்காக மட்டும் பூக் கட்டிக் கேக்கச் சொன்னா? என்னன்னு சொல்லிக் கேப்பீங்க? சீட்டே போதும்னு சொல்லிட்டாங்களே. சீட்டக் குடுத்தா வரிக்கு வரி பாப்பாங்க. கனம் போட்ட எண்ணத்தான் மொதல்ல பாப்பாங்க, அதையும் நாந்தான் சொல்லிக் குடுத்தேன்.

அந்தச் சீட்டக் குடுங்க மேடம். வேண்டாம், நானே வெச்சுக்கறேன். உங்க வண்டி வந்துருச்சு, ஆரன் அடிக்கறான். அம்மாகிட்ட இதுல ஒரு வார்த்தை சொல்லீராதீங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.